உக்ரைன் எம்.பி.க்கு ஒரு மனு

உக்ரைன் நாட்டு எம்.பி. ஒருவருடைய வாழ்க்கை வரலாறு எனக்குத் தலைகீழ்ப் பாடம். சர்க்கரை ஆலை மெக்கானிக் ஒருவரின் மகன். அரசுப் பள்ளியில் படித்து, இயற்பியலில் பட்டம் வாங்கி, தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஒன்பது வருஷம் வாத்தியாராக இருந்தவர். பிறகு நகராட்சி கவுன்சிலர். நாடாளுமன்றத்துக்கு முதல் தடவை நின்றபோது தோற்றார். கட்சி மாறினார். இரண்டாம் தடவை ஜெயித்தார். கல்வியும் இளைஞர் நலனும் பார்க்கும் குழுவில் உறுப்பினர். இரண்டு பெண் குழந்தைகள். மீன் பிடிப்பதில் ஆசை. என் கூடப்பிறந்த தம்பி எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தான் என்று கேட்டால் நான் விழிப்பேன். நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத இந்த மனிதரைப் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இது ஆராய்ச்சி ஆர்வத்தில் வந்த படிப்பு இல்லை. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு படித்தது.

நான் பதினெட்டு வருஷம் தென்னூரில் ஒரு எம்.பி. அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். எம்.பி. மாறினார், கட்சியும் மாறியது, நான் மாறவில்லை. காரணம் எனக்கு மனு எழுத வரும் என்பதுதான். வருகிற மனுக்களைப் படிப்பது, எம்.பி. பெயரில் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் சிபாரிசுக் கடிதம் எழுதுவது, எழுதத் தெரியாதவர்களுக்கு அவர்கள் மனுவையே எழுதிக் கொடுப்பது எல்லாம் என் வேலை. அதில் நான் கண்டுபிடித்த உண்மை ஒன்று உண்டு. பதவியில் இருப்பவர் மனுவின் முதல் பத்தியை மட்டும் படிப்பார். அதுவும் அவரைப் பற்றி இருந்தால்தான் படிப்பார். இரண்டாவது பத்தியை உதவியாளர் படிப்பார். மூன்றாவதை எழுதியவரே திரும்பப் படிப்பதில்லை. ஆகவே கோரிக்கையை முதல் பத்தியில், அவர் வாழ்க்கை வரலாற்றோடு சேர்த்துப் பின்னிவிட வேண்டும். 'எளிய குடும்பத்தில் பிறந்து, ஏழைகளின் குடிநீர்க் கஷ்டம் அறிந்த தாங்கள்' என்று எழுதினால், தன் பிறப்பைப் படிக்கிறவர் குடிநீரையும் தாண்டித்தானே போக வேண்டும். இந்தத் தந்திரத்தில் ஊருக்கு நாலு தெருக்குழாய் வந்திருக்கிறது. அதனால் எனக்குத் தலைக்கனமும் வந்திருந்தது.

எங்களுக்கு ஒரே பெண். டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. இங்கே சீட் கிடைக்கவில்லை. உக்ரைனின் வடகிழக்கில், எல்லைக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற ஒரு ஊரில் கிடைத்தது. அவள் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, 'புது ஹாஸ்டல் கட்டடத்தைத் திறக்க இந்த ஊர் எம்.பி. வர்றாருப்பா' என்று போனில் சொன்னாள். அவளுக்கு அது ஒரு சாதாரணத் தகவல். எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு வந்துவிட்டது.

"பொன்னாடை போடும்மா" என்றேன்.

"அப்பா, இங்க அதெல்லாம் பழக்கம் இல்லப்பா."

"எம்.பி.ன்னா எல்லா ஊர்லயும் எம்.பி.தான். சால்வையப் போர்த்தி, பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்க. என்னைக்காவது ஒரு நாள் உதவும்."

எங்கள் வீட்டு அலமாரியில் சால்வைக்குப் பஞ்சமே இல்லை. எம்.பி.க்கு விழாவுக்கு விழா போடுகிற சால்வைகளில் பாதி உதவியாளர் வீட்டுக்குத்தான் வரும். விடுமுறைக்கு வந்து திரும்பிய ஒரு சீனியர் மாணவியின் பெட்டியில் மஞ்சள் பட்டுக் கரை போட்ட ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன். என் பெண் மேடையேறி அதைப் போர்த்தினாள். அந்த மனிதர் முதலில் ஒரு அடி பின்னால் நகர்ந்தாராம். யாரோ தன் மேல் துணியைப் போட வருகிறார்களே என்று பயந்திருப்பார். பிறகு சிரித்து, அவள் கையைக் குலுக்கியிருக்கிறார். போட்டோவில் ஆள் நல்ல உயரம், சிவந்த முகம், தோளில் நம்மூர் சால்வை. அந்தப் படத்தை நான் காட்டாத ஆளில்லை. ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கிற ஃப்ளாட்டில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்க வந்தவர்வரை பார்த்துவிட்டார்.

பிறகு போர் வந்தது.

முதல் நாள் காலையில் பெண் போன் பண்ணும்போது அவள் பேச்சுக்குப் பின்னால் சைரன் கேட்டது. ஹாஸ்டலுக்கு அடியில் இருக்கிற நிலவறையில் எல்லாரும் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். மேற்குப் பக்க ஊர்களில் படித்த பிள்ளைகள் ரயிலேறி எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். விமான நிலையத்தில் பூங்கொத்து கொடுத்து வரவேற்பதை டி.வி.யில் காட்டினார்கள். எங்கள் பெண் இருந்த ஊரிலிருந்து ஒருவர்கூட வெளியேற முடியவில்லை. ரயில் நின்றுபோயிருந்தது. சாலைகளில் சண்டை. நாலாம் நாள் ஹாஸ்டலில் குழாய் நின்றது. பிள்ளைகள் வாளியில் பனியை அள்ளிவந்து உருக்கிக் குடித்தார்கள். என் மனைவி ஸ்கூலில் டீச்சர். பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிப்பதைப் பார்க்க முடியாமல் வகுப்பிலிருந்து எழுந்து வந்துவிட்டாள்.

பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி, நான் வேலை பார்த்த அதே எம்.பி. அலுவலகத்துக்குப் போனேன். அங்கே என்னைப்போலப் பத்துப் பதினைந்து பெற்றோர். இப்போது வேறு எம்.பி., வேறு உதவியாளர். பெயர், பாஸ்போர்ட் நம்பர், ஊர் எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டார். மரியாதையாகத்தான் பேசினார். "லிஸ்ட் டில்லிக்குப் போயிருச்சுங்க சார். நீங்க தைரியமா இருங்க." நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் பதினெட்டு வருஷம் போட்டிருந்தவன். அதற்குப் பின்னால் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் இருக்காது.

வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, உக்ரைன் எம்.பி.க்கு மனு எழுத ஆரம்பித்தேன். அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் இணையப் பக்கத்தில் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, போனில் மொழிபெயர்த்துப் படித்தேன். பழைய பேட்டிகள், தேர்தல் வாக்குறுதிகள், கட்சி மாறியதற்குச் சொன்ன காரணம், எதையும் விடவில்லை. மெக்கானிக் மகன் என்பதைப் படித்தபோது மனசு கொஞ்சம் லேசானது. கஷ்டப்பட்டு வந்தவன் இரங்குவான் என்று நினைத்தேன். எத்தனை எம்.பி.க்களைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள்.

மனைவி வந்து பின்னால் நின்றாள். "என்னங்க, அங்க குண்டு போட்டுக்கிட்டு இருக்கான். நீங்க மனு எழுதிக்கிட்டு இருக்கீங்க?"

"எனக்குத் தெரிஞ்சது இதுதானே" என்றேன்.

அவள் எதிரில் உட்கார்ந்தாள். நான் எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். 'சர்க்கரை ஆலைத் தொழிலாளியின் வீட்டில் பிறந்து, ஆசிரியராக மாணவர்களைத் தம் பிள்ளைகளாக வளர்த்து, இரண்டு பெண்களின் தந்தையாகவும் விளங்கும் தாங்கள், தாங்களே திறந்துவைத்த விடுதியின் நிலவறையில் தண்ணீரின்றித் தவிக்கும் தங்கள் மற்றொரு மகளை' என்று போயிற்று. அந்த இடத்தில் என் குரல் உடைந்துவிட்டது. என் வாழ்நாளில் எழுதியதிலேயே நல்ல மனு அது.

மின்னஞ்சலில் அனுப்பினேன். பதில் இல்லை. அலுவலக எண்ணுக்குப் போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மூன்றாம் நாள், வேறு வழி தெரியாமல், அவருடைய சமூக வலைத்தளப் பக்கத்துக்குப் போய், அவர் கடைசியாகப் போட்டிருந்த பதிவுக்குக் கீழே முழு மனுவையும் அவர்கள் மொழியில் மாற்றிப் போட்டேன். கூடவே அந்தப் பொன்னாடைப் படம்.

அரை மணி நேரத்தில் பதில்கள் கொட்ட ஆரம்பித்தன. ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துப் படித்தேன். எல்லாம் வசவு. எம்.பி. போர் தொடங்கிய இரண்டாம் நாளே குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய்விட்டாராம். ஊரே அவரைத் திட்டிக்கொண்டிருந்த இடத்தில் போய், மாணவர்களைத் தம் பிள்ளைகளாக வளர்த்தவரே என்று நான் வாழ்த்துப்பா வாசித்திருக்கிறேன். கூலிக்குப் புகழ் பாடுகிறவன் என்றார் ஒருவர். அந்த மஞ்சள் துணியால் அவன் முகத்தை மூடிக்கொள்ளட்டும் என்றார் இன்னொருவர். நான் படித்துவைத்திருந்த வாழ்க்கை வரலாற்றில் கடைசி வரி விடுபட்டுப் போயிருந்தது. வாத்தியார், கவுன்சிலர், எம்.பி., ஓடிப்போனவர்.

அன்று மதியம் பெண் போன் செய்தாள். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"அப்பா, நாளைக்குக் காலையில நடந்தே கிளம்புறோம்ப்பா. சீனியர்ஸ் எல்லாம் முடிவு பண்ணிட்டாங்க."

"எங்கம்மா நடக்கப் போறீங்க?"

"எல்லைக்குத்தான். இங்கயே இருந்தா தண்ணி இல்லாமலே செத்துருவோம்ப்பா."

எந்த எல்லை? குண்டு எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையில் இருக்கிற எல்லை. அதுதான் பக்கம். பனியில், திறந்த வெளியில், பிள்ளைகள் வரிசையாக நடந்து போவதை நினைத்தேன். அடுத்து நான் சொன்னதை யோசித்துச் சொல்லவில்லை. அது பழக்கத்தில் தானாக வந்தது.

"எம்.பி. ஆபீஸ்லேர்ந்து பதில் வந்திருக்கும்மா. வண்டி அனுப்புறேன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு நாள் பொறு. நீ நகராத. மத்தவங்களையும் நகர வேணாம்னு சொல்லு."

"நெஜமாவாப்பா?"

"நெஜமாத்தான்."

போனை வைத்தபின் மனைவி என்னைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நான் வேலையில் இருந்த நாட்களில் லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா திங்கட்கிழமை தவறாமல் எங்கள் அலுவலகத்துக்கு வருவார். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன மகனிடமிருந்து தகவல் இல்லை. "அனுப்பியிருக்கோம்மா, பதில் வந்துக்கிட்டே இருக்கு" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வேன். அவர் மனு அனுப்பப்படாமல் மனுக் கட்டுக்குள்ளேயே கிடந்தது எனக்கு ஏழாவது வாரம்தான் தெரிந்தது. அப்போதும் அதையேதான் சொன்னேன். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வதில் என்ன தப்பு என்று இருந்தேன். இப்போது அதே வார்த்தைகளை நம்பி என் பெண் அந்த நிலவறையில் உட்கார்ந்திருந்தாள். அவள் சொல்லி நாற்பது ஐம்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி வரவில்லை என்றால், நடந்து தப்பித்திருக்கக்கூடியவர்களை நான் பிடித்து உட்காரவைத்துக் கொன்றவன் ஆவேன். அடுத்த நாள் முழுக்க எனக்கு ஒரு வாய் காபிகூட இறங்கவில்லை. காவிரிக் கரை அம்மா மண்டபம் வரை நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். சாமி கும்பிடக்கூட வாய் வரவில்லை. கும்பிட்டு என்ன கேட்பது? நான் சொன்ன பொய்யை நீ உண்மையாக்கு என்றா?

சாயங்காலம் போனில் ஒரு மெசேஜ் வந்திருந்தது. வசவுகளுக்கு நடுவில் என் மனுவைப் படித்த ஒரு பெண். அந்த ஊர்க் குடிநீர் நிலையத்தில் வேலை பார்க்கிறவராம். முதல் வரியே அடிதான். 'அந்த ஓடுகாலியிடமா கேட்கிறாய்? உனக்கு வெட்கமாக இல்லையா?' இரண்டாவது வரியில், 'எந்த விடுதி? எத்தனை பிள்ளைகள்?'

என் மனுவில் இரண்டாவது பத்தியில்தான் அந்த விவரமெல்லாம் இருந்தது. அவர் அதுவரை படித்துவிட்டுத்தான் கேட்டார். சரிபார்க்கிறாராம். நான் எழுத்துக்கூட்டி எழுதி அனுப்பினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெண் கூப்பிட்டாள். அழுதுகொண்டே கத்தினாள். "அப்பா, எம்.பி. அனுப்பிட்டாருப்பா. தண்ணி லாரி வந்திருச்சு."

வந்தது குடிநீர் நிலையத்துப் பெண்ணும் அவர் கணவரும். கணவர் லாரி டிரைவர். பிள்ளைகள் அங்கிருந்து கிளம்புகிறவரை நாலு நாளும் அவர்கள் அந்த லாரியில் வந்து தண்ணீர் கொடுத்தார்கள். பிள்ளைகள் நடந்து போவதாக இருந்த சாலையில் பாலத்தை முந்தின வாரமே தகர்த்துவிட்டார்கள் என்றும், ஓரமெல்லாம் கண்ணிவெடி என்றும் அந்த மனிதர் கையால் படம் போட்டு விளக்கினாராம். என் பெண் அவரிடம் எம்.பி.க்கு எங்கள் நன்றியைச் சொல்லுங்கள் என்றிருக்கிறாள். அவர் மனைவியைப் பார்த்திருக்கிறார். மனைவி தரையில் துப்பிவிட்டுச் சிரித்தாராம். பெண்ணுக்குக் காரணம் புரியவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் சண்டையைக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். பஸ்கள் வந்தன. பெண் வீடு வந்து சேர்ந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். ஒரு வாரம் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். எம்.பி. யாரையும் அனுப்பவில்லை என்பதை ஒரு காலையில் இட்லி சாப்பிடும்போது சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "வண்டி வராமப் போயிருந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பெண்மணிக்கும் எனக்கும் மெசேஜ் போக்குவரத்து நிற்கவில்லை. பொங்கலுக்கு நான் வாழ்த்து அனுப்புவேன். அவர் வீட்டு ஜன்னல் உடைந்ததைப் படமெடுத்து அனுப்புவார். எம்.பி. ஊருக்குத் திரும்பிவிட்டதை அவர்தான் சொன்னார். படைவீரர் மாதிரி பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, தாடி வளர்த்து, மூட்டை மூட்டையாக மாவு கொடுத்துப் படமெடுத்துக்கொள்கிறாராம். வெளிநாட்டில் இருந்த நாட்களில் நாட்டுக்கு ஆதரவு திரட்டியதாகப் பேட்டியும் கொடுத்திருக்கிறார். 'பார்த்தாயா இந்தக் கூத்தை' என்று எழுதினார். இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஆளை நன்றாகக் கிழித்தோம். என் பெண்ணும் வந்து அவள் பங்குக்கு இரண்டு வார்த்தை சேர்த்தாள்.

சென்ற மழைக்காலத்தில் அந்தப் பெண்மணியிடமிருந்து மெசேஜ் வருவது நின்றது. நான் கேட்டதற்கும் பதில் இல்லை. ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதியிருந்தார். லாரி ஓட்டிய கணவர் படையில் சேர்ந்து போனவர். காணவில்லை. இறந்ததற்கும் தகவல் இல்லை, பிடிபட்டதற்கும் தகவல் இல்லை. ஏறாத அலுவலகம் இல்லை. கைதிகளை மாற்றிக்கொள்ளும் பட்டியலைக் கவனிக்கிற நாடாளுமன்றக் குழுவில் இப்போது உறுப்பினராக இருப்பவர் அதே எம்.பி. அந்த மனிதருடைய வாழ்க்கை வரலாற்றில் இன்னொரு வரி ஏறியிருந்தது.

'நீ அன்றைக்கு எழுதினாயே, அதுபோல எனக்கு ஒன்று எழுதிக் கொடு' என்று கேட்டிருந்தார். 'எனக்குத் திட்டத்தான் தெரியும். அவன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் உனக்குத் தெரியும். அழகாக எழுது.'

என் பெண் பக்கத்தில் நின்று படித்தாள். "அந்த ஆளுக்காப்பா? இவங்களா கேக்குறாங்க?" என்றாள். பிறகு அவளே லேப்டாப்பை எடுத்துவந்து என் முன்னால் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

எழுதினேன். சர்க்கரை ஆலை, வாத்தியார் வேலை, கவுன்சிலர், முதல் தோல்வி எல்லாம் வரிசையாக வந்தது. போர் தொடங்கிய நாட்களுக்கு வந்தபோது விரல் நின்றது. என்ன எழுதட்டும் என்று அந்தப் பெண்மணியையே கேட்டேன். 'அவன் பேட்டியில் சொன்னதையே எழுது' என்று உடனே பதில் வந்தது. 'அயல்நாடுகளில் இரவு பகலாக ஆதரவு திரட்டிய தாங்கள்' என்று எழுதி, காணாமல் போனவரின் பெயரையும் படைப்பிரிவையும் அதே வாக்கியத்தில் பின்னினேன். அவர்கள் மொழியில் மாற்றிப் பெண் அனுப்பினாள். அந்தப் பெண்மணி படித்துவிட்டு ஒரு திருத்தம் மட்டும் சொன்னார். நானும் என் கணவரும் போன தேர்தலில் உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டோம் என்று சேர்க்க வேண்டுமாம்.

"போட்டீங்களான்னு கேளும்மா" என்றேன்.

பெண் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. 'இல்லை. அவர் திரும்பி வரட்டும். சாகிற வரைக்கும் இரண்டு பேரும் அவனுக்கே போடுகிறோம்.'

போன தேர்தலில் உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டோம் என்ற வரியை முதல் பத்தியில் சேர்த்தேன்.